தராசும் முகமும் ஒரே ஃப்ரேமில்: கோத்தகிரி ஆவணப்படத்துக்கு நடுக்கம் தடுக்கும் வைட் லென்ஸ் தேர்ந்த கதை

ஒரு சிறு தேயிலை விவசாயியின் கொழுந்து செடியை விட்டுக் கிளம்பித் தூளாகும் வரை உள்ள ஒரு முழு நாளைப் படமாக்குவதுதான் வேலை. இடம் கோத்தகிரிப் பக்கம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம். குழுவில் இரண்டே பேர், ஒருவர் கேமரா, ஒருவர் ஒலி. கையில் இருந்த கேமரா சோனி ஏ6400. ஏ.பி.எஸ்.-சி. சென்சார், அதாவது முழு ஃப்ரேமைவிடச் சிறியது; உடலுக்குள் நடுக்கத் தடுப்பு கிடையாது. ஆகவே நடுக்கத்தைத் தடுக்க வேண்டுமென்றால் அந்த வேலையை லென்ஸ்தான் செய்தாக வேண்டும்.

லென்ஸைத் தீர்மானித்தது மலைக்காட்சி அல்ல, கொழுந்து எடை போடும் கொட்டகை. அங்கே எடுக்க வேண்டிய ஷாட் ஒன்றுதான். தராசின் எண், மூட்டையைத் தூக்கி மாட்டிய பெண்ணின் முகம், எழுதுபவரின் நோட்டு, மூன்றும் ஒரே ஃப்ரேமில், வெட்டில்லாமல் வர வேண்டும். ஈரத்துக்கு எத்தனை கிலோ கழித்தார்கள் என்பது படத்தின் உயிர்நாடி. எண்ணைத் தனியாகவும் முகத்தைத் தனியாகவும் எடுத்து ஒட்டினால், அந்த முகம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மாறியதா என்ற கேள்வி பார்ப்பவருக்கு வந்துவிடும். அதனால் அகலம் இங்கே அழகுக்காகக் கேட்கப்படவில்லை, சாட்சிக்காகக் கேட்கப்பட்டது.

எவ்வளவு அகலம் வேண்டும்?

இதை லென்ஸ் கடையில் நின்று யோசிக்கக் கூடாது. டேப் எடுத்துக்கொண்டு போய் இடத்தை அளக்க வேண்டும். சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. அதை லென்ஸின் மி.மீ.யால், அதாவது குவியத் தூரத்தால் (இது குறையக் குறைய அகலம் கூடும்) வகுத்து, பொருள் இருக்கும் தூரத்தால் பெருக்கினால், அந்தத் தூரத்தில் எத்தனை மீட்டர் அகலம் ஃப்ரேமுக்குள் வரும் என்று தெரிந்துவிடும்.

கொட்டகையில் பின்பக்கம் மூட்டைகள் அடுக்கியிருந்ததால் கேமராவுக்கும் தராசுக்கும் நடுவே கிடைத்தது 1.5 மீட்டர்தான். மூன்று பொருளும் அடங்க 2.2 மீட்டர் அகலம் தேவை. 17 மி.மீ. வைத்தால் 2.07 மீட்டர் வருகிறது, நோட்டு வெட்டுப்படும். 16 மி.மீ.யில் சரியாக 2.2. 14 மி.மீ.யில் 2.5 மீட்டர்; கை கொஞ்சம் அசைந்தாலும் எதுவும் வெளியே போகாது.

அடுத்தது வீட்டு அடுப்படி. எட்டடிக்குப் பத்தடி, அதாவது 2.4-க்கு 3 மீட்டர். நீளச் சுவரில் முதுகை ஒட்டி நின்று, கேமராவை மார்புக்கு முன்னால் பிடித்தால் எதிர்ச்சுவர் 2 மீட்டரில் இருக்கும். 14 மி.மீ.யில் 3.36 மீட்டர் அகலம் வருகிறது, சுவர் முழுதும் அடங்கியும் மிச்சம். 10 மி.மீ. போட்டால் 4.7 மீட்டர், எதிர்ச்சுவரைத் தாண்டி இரண்டு பக்கச் சுவர்களும் உள்ளே வந்து, ஓரத்தில் இருக்கும் பாத்திரம் எல்லாம் இழுத்த மாதிரி நீளும்.

கணக்கு சொன்னது இதுதான்: வேண்டியது 12-லிருந்து 16 மி.மீ. வரை உள்ள இடம். 10 மி.மீ.க்கு ஆசைப்பட வேண்டியதில்லை. வைட் லென்ஸ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசி முனையின் எண்ணைப் பார்த்தே மயங்குகிறார்கள். ஆவணப்படத்தில் அந்த முனை வெகு அபூர்வமாகத்தான் பயன்படும்.

களத்தில் இருந்த மூன்று லென்ஸ்கள்

சோனி இ 10-18 மி.மீ. எஃப் 4 ஓ.எஸ்.எஸ். 2012-இல் வந்தது. எஃப் எண் சிறியதானால் லென்ஸுக்குள் வெளிச்சம் கூடும்; ஓ.எஸ்.எஸ். என்பது சோனி நடுக்கத் தடுப்புக்கு வைத்த பெயர். எடை 225 கிராம், ஃபில்டர் 62 மி.மீ. நடுக்கத் தடுப்பு உண்டு. மழை, ஈரத்துக்கான காப்பு இல்லை.

டாம்ரான் 11-20 மி.மீ. எஃப் 2.8. 2021-இல் வந்தது. 335 கிராம், 67 மி.மீ. ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு), ஈரக் காப்பு, 11 மி.மீ. முனையில் 15 செ.மீ. வரை நெருங்கலாம். நடுக்கத் தடுப்பு இல்லை.

டாம்ரான் 17-70 மி.மீ. எஃப் 2.8 வி.சி. இதுவும் 2021. 525 கிராம், இதற்கும் 67 மி.மீ. ஃபில்டர். நடுக்கத் தடுப்பும் (டாம்ரான் மொழியில் வி.சி.) ஈரக் காப்பும் உண்டு. ஆனால் 17-க்குக் கீழே போகாது.

சோனியின் 10-20 எஃப் 4 ஜி, சிக்மாவின் 10-18 எஃப் 2.8 இரண்டுமே நல்ல லென்ஸ்கள். ஆனால் இரண்டிலும் நடுக்கத் தடுப்பு இல்லாததால், 11-20 பற்றிச் சொல்வது அவற்றுக்கும் பொருந்தும்.

வெளிச்சமா, நிதானமா?

பலரும் சொல்லும் யோசனை 11-20. வைட் லென்ஸில் நடுக்கம் தெரியாது, எஃப் 2.8-ஐ எடு என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. 4கே படத்தில் 23.5 மி.மீ. அகலத்துக்கு 3,840 பிக்ஸல், அதாவது மி.மீ.க்கு 163. கை 0.1 டிகிரி நடுங்கினால் 10 மி.மீ. லென்ஸில் படம் ஏறக்குறைய 3 பிக்ஸல் நகரும், 18-இல் 5, 70-இல் 20. ஆக, சின்ன நடுக்கம் வைட் முனையில் உண்மையிலேயே குறைவு. ஆனால் 40 நிமிடம் நின்று பேட்டி எடுக்கும்போது கை சோர்ந்து வரும் தள்ளாட்டம் 0.1 டிகிரியோடு நிற்காது. 1 டிகிரி சாய்ந்தால் 14 மி.மீ.யிலேயே 40 பிக்ஸல். அதோடு, ஏ6400 எடை குறைந்த கேமரா, பேட்டரியோடு 403 கிராம்தான். கனமான கேமரா தன் பாரத்தாலேயே சிறு நடுக்கத்தை விழுங்கிக்கொள்ளும். இது விழுங்காது, விரலின் துடிப்பைக்கூடப் படத்துக்கு அனுப்பிவிடும்.

பிறகு எடிட்டிங்கில் நிலைப்படுத்திக்கொள்ளலாமே? செய்யலாம், ஆனால் இரண்டு விலை கொடுக்க வேண்டும். ஒன்று, ஓரம் வெட்டுப்படும். 10 சதவீதம் பெரிதாக்கினால் 11 மி.மீ. 12.1 ஆகிவிடும். இது தாங்கக்கூடியதே. இரண்டாவதுதான் பெரிய விலை. ஷட்டர் 1/50 வினாடி திறந்திருக்கும்போது நடுங்கினால் ஃப்ரேமுக்குள்ளேயே அசைவின் இழுவல் பதிந்திருக்கும். மென்பொருள் ஃப்ரேமை நேராக நிறுத்திவிடும், இழுவலை எடுக்காது. அசையாத படம் அவ்வப்போது மங்கி மங்கித் தெளிகிற மாதிரி இருக்கும், கண்ணை உறுத்தும். அதைத் தவிர்க்க ஷட்டரை 1/100 ஆக்கினால் ஒரு ஸ்டாப் வெளிச்சம் போய்விடும். எஃப் 2.8 கொடுத்த லாபம் அங்கேயே கரைந்தது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெட்டியில் '4 ஸ்டாப்', '5 ஸ்டாப்' நடுக்கத் தடுப்பு என்று போட்டிருப்பது புகைப்படக்காரருக்கான கணக்கு. அவர் ஷட்டரை 1/60-லிருந்து 1/8-க்கு இறக்கி வெளிச்சம் சம்பாதிக்கலாம். வீடியோவில் வினாடிக்கு 25 ஃப்ரேமுக்கு ஷட்டர் 1/50-இல் நிற்கிறது. அங்கே நடுக்கத் தடுப்பு ஒரு துளி வெளிச்சமும் தராது. நடுக்கத் தடுப்பு இருட்டுக்கு மருந்தல்ல என்பதைத் தெளிவாகப் புரிந்துகொண்டுதான் எஃப் 4 லென்ஸை எடுக்க வேண்டும்.

அப்படியிருந்தும் எடுக்கப்பட்டது 10-18 ஓ.எஸ்.எஸ்.தான். காரணம் அடுப்படியின் பல்பு. அங்கே எரிந்தது 9 வாட் எல்.இ.டி. அதே ஹோல்டரில் 18 வாட் பல்பைப் போட்டால் வெளிச்சம் ஏறக்குறைய இரட்டிப்பு, அதாவது ஒரு ஸ்டாப். எஃப் 4-க்கும் எஃப் 2.8-க்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் ஒரு பல்பு அடைத்துவிடுகிறது. பதிந்துபோன நடுக்கத்தை அடைக்க அப்படி ஒரு பொருள் இல்லை. பல்பு 6500 கெல்வின் வெள்ளையாக இருக்கட்டும். ஜன்னல் வழியே வரும் மேகமூட்ட வெளிச்சத்தோடு அது ஒத்துப்போகும். வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். "அக்கா, இந்த பல்ப மட்டும் மாத்திக்கட்டுமா? போறப்ப பழசயே போட்டுடறோம்" என்றால் யாரும் மறுப்பதில்லை. பெரும்பாலும் புதுசையே விட்டுவிட்டு வருவதுதான் மரியாதை.

தொழிற்சாலையில் பல்பை மாற்ற முடியாது. ஆனால் அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. கொழுந்தின் ஈரத்தைக் குறைக்க வாட்டும் தொட்டிகள் நீள நீளமாகக் கிடக்கும் மாடியில் 17 மி.மீ. தாராளம். அதனால் இரவு ஷிஃப்டுக்கு 17-70 வி.சி. கோவையிலிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்டது. 11-20 பட்டியலிலிருந்து விழுந்தது. நல்ல லென்ஸ்தான், உடலிலேயே நடுக்கத் தடுப்பு உள்ள ஏ6700 போன்ற கேமராவாக இருந்திருந்தால் முடிவு அதன் பக்கம்கூடப் போயிருக்கும்.

எடுப்பதற்கு முன் செய்த சோதனை

வாடகைக் கடையிலேயே பத்து நிமிடத்தில் முடிகிற காரியம். முழங்கைகளை விலாவில் ஒட்டி, கழுத்துப் பட்டை விறைக்கும்படி கேமராவை முன்னால் தள்ளி, 11, 14, 18 மூன்றிலும் 30 வினாடி வீதம், தடுப்பு போட்டும் நிறுத்தியும் எடுக்க வேண்டும். இந்த சோனி லென்ஸின் மேல் அதற்கான சுவிட்ச் இல்லை. கேமரா மெனுவில்தான் மாற்ற வேண்டும். பிறகு கதவு நிலை ஒன்றை ஃப்ரேமின் ஓரத்தில் வைத்து அதேபோல எடுத்துப் பார்க்க வேண்டும். நடு அசையாமல் நிற்க, நிலை மட்டும் ஜெல்லி மாதிரி ஆடுவது தெரியும்.

ஏன் ஆடுகிறது? தடுப்பு, லென்ஸுக்குள் ஒரு கண்ணாடிக் குழுவை நகர்த்தி நடுவைச் சரிசெய்கிறது. ஆனால் வைட் லென்ஸில் கேமரா திரும்பும்போது ஓரம் நடுவைவிட அதிகமாக நகரும். 10 மி.மீ.யில் கேமரா பக்கவாட்டில் திரும்பினால், நடு நகர்வதைப்போல வலது இடது ஓரங்கள் சுமார் 2.4 மடங்கு நகர்கின்றன. 14-இல் 1.7 மடங்கு. 18-இல் 1.4. நடுவைச் சரிசெய்த பிறகும் அந்த மிச்சம் ஓரத்தில் தங்கிவிடும். எந்த விலை லென்ஸ் வாங்கினாலும் இது வடிவியல், போகாது. சென்சார் நகரும் கேமராக்களிலும் இதே ஆட்டம் வரும், சிலவற்றில் இன்னும் கூடுதலாகவே தெரியும். முதல் காரணம் மேலே போட்ட அகலக் கணக்கு என்றால், 14-க்குக் கீழே போகாமல் இருப்பதற்கு இது இரண்டாவது காரணம்.

மூன்றாவது காரணம் முகம். முதல் நாள் கொட்டகையில் 10 மி.மீ.யில் எடுத்த ஷாட்டில், ஓரத்தில் நின்ற பெண்ணின் கன்னமும் தோளும் பக்கவாட்டில் உப்பித் தெரிந்தன. உழைக்கிற ஒருவரை அப்படிக் காட்டுவது அநியாயம். மறுநாள் 14 மி.மீ. வைத்து, முகம் ஃப்ரேமின் நடுப் பகுதியிலும், தராசு ஒரு பக்கமும், நோட்டு மறுபக்கமும் வரும்படி நிற்கும் இடம் மாற்றப்பட்டது. கேமரா அவர் கண்மட்டத்தில், தரைக்குச் சமமாக. வைட் லென்ஸைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் போதும், நிற்பவர் எல்லாரும் குள்ளமாகிவிடுவார்கள்.

களத்தில் நடந்த பிழைகள்

முதல் பிழை அமைப்பிலேயே இருந்தது. கேமரா என்.டி.எஸ்.சி. என்ற வீடியோ முறையில், 4கே-யில் வினாடிக்கு 30 ஃப்ரேமில் கிடந்தது. ஏ6400-இல் 4கே 30-க்கு சென்சாரின் முழு அகலம் பயன்படாது, சுமார் 1.2 மடங்கு வெட்டு விழும். 14 மி.மீ. போட்டால் 17 மாதிரித்தான் தெரியும், வைட் லென்ஸ் வாங்கிய காசு வீண். கூடவே 1/60 ஷட்டர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும். 1/60 அதோடு ஒத்துப்போகாததால் டியூப்லைட் வெளிச்சத்தில் கரும்பட்டைகள் ஊர்ந்தன. 50 ஹெர்ட்ஸுக்குப் பொருந்தும் பி.ஏ.எல். முறைக்கு மாற்றி 25 ஃப்ரேம், 1/50 வைத்ததும் இரண்டும் தீர்ந்தன. முறையை மாற்றும்போது கார்டை ஃபார்மேட் செய்யச் சொல்லிக் கேமரா கேட்கும். எடுத்ததை முதலில் நகலெடுத்துவிட்டு மாற்ற வேண்டும்.

இரண்டாவது, தோட்டத்துக்குள் நடந்துகொண்டே எடுத்தது. ஒரு துண்டுகூடத் தேறவில்லை. லென்ஸ் தடுப்பு சாய்வையும் திருப்பத்தையும்தான் சரிசெய்யும். கேமரா பக்கவாட்டில் உருளுவதையோ, அடி எடுத்து வைக்கும்போது மேலும் கீழும் ஏறி இறங்குவதையோ அது தொடாது. ஒவ்வோர் அடிக்கும் கேமரா 5 செ.மீ. ஏறி இறங்கினால், 10 மீட்டரில் உள்ள மரம் 14 மி.மீ. லென்ஸில் 11 பிக்ஸல் துள்ளும். 1 மீட்டரில் இருக்கும் தேயிலைச் செடியோ 114 பிக்ஸல். செடிகளுக்கு நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையில் இரண்டு பக்கமும் இலை லென்ஸை உரசிக்கொண்டு நிற்கும். நடந்து எடுக்க இதைவிட மோசமான இடம் தேட முடியாது. கேமராவைச் சாயாமல் பிடிக்கும் மோட்டார் கைப்பிடியான கிம்பல்கூட இந்த ஏற்ற இறக்கத்தை முழுதாகத் தீர்க்காது, நடப்பவரின் முழங்கால்தான் தீர்க்க வேண்டும். குழு வழியை மாற்றிக்கொண்டது. கேமரா நிற்கும், கொழுந்து பறிப்பவர்கள் வரிசையாக ஃப்ரேமுக்குள் வந்து கடந்து போவார்கள். சரிவில் கால் ஊன்றும்போது மேல்பக்கக் கால் மடங்கி, கீழ்பக்கக் கால் நீண்டு, இடுப்பு நேராக இருக்க வேண்டும். மூச்சை அடக்க வேண்டாம், மெதுவாக விட்டுக்கொண்டே எடுப்பது நல்லது.

மூன்றாவது, கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி எடுக்கும் பேன் ஷாட். தடுப்பு போட்டபடியே கேமராவைத் திருப்பினால் அது முதலில் திருப்பத்தையும் நடுக்கம் என்று நினைத்துப் பிடித்து வைக்கும், பிறகு திடீரென்று விடும். நின்ற பிறகும் படம் ஒரு நொடி வழுக்கிப் போய் நிற்கும். பதிவை அழுத்துவதற்கு முன்பே தடுப்பை நிறுத்திவிட்டு, இடுப்பை மட்டும் திருப்பி எடுத்த பேன்கள் சுத்தமாக வந்தன.

தொழிற்சாலையில் வேறு மாதிரிச் சிக்கல். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. எந்திரத்தின் ஜோடி உருளைகளில் ஒன்று வழக்கமாக நிமிடத்துக்கு 70 சுற்று சுற்றும், மற்றது 700. 700 சுற்று என்றால் வினாடிக்குக் கிட்டத்தட்ட 12 துடிப்பு. கை நடுக்கமும் வினாடிக்கு 8-லிருந்து 12 வரைதான், ஆனால் எந்திரத்தின் பற்களும் மோட்டாரும் அதற்கு மேல் பல மடங்கு வேகமான அதிர்வுகளைத் தரையில் பரப்புகின்றன. கைப்பிடிக் கம்பியில் முழங்கையைச் சாய்த்து எடுத்த ஷாட்டில் நேர்க்கோடுகள் எல்லாம் நெளிந்தன. சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வரும் வினை இது. 4கே-யில் இந்தக் கேமரா மெதுவாகத்தான் படிக்கும். கம்பியை விட்டுத் தள்ளி, முழங்காலைத் தளர்த்தி நின்றதும் நெளிவு போய்விட்டது. உடம்பின் சதையே நல்ல அதிர்வு தாங்கி.

டிரையர் பக்கம் போனபோது லென்ஸ் வெள்ளையடித்த மாதிரி பூத்துவிட்டது. வெளியே பனிமூட்டத்தில் குளிர்ந்த கண்ணாடி, சூடும் ஈரமும் உள்ள அறைக்குள் நுழைந்தால் இப்படித்தான் ஆகும். துடைத்தால் மறுபடி பூக்கும். இந்த நேரத்தில் ஜூம் வளையத்தைத் திருப்பவே கூடாது. உள்ளே காற்று இழுபட்டு உட்கண்ணாடியிலும் பூத்துவிட்டால் துடைக்க வழியில்லை. சரியான முறை: உள்ளே போகும் முன் கேமராவை லென்ஸோடு ஜிப் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து மூடி, உள்ளே கொண்டுபோய் 20-30 நிமிடம் அப்படியே வைத்துவிட வேண்டும். பூக்க வேண்டியது கவரின் வெளிப்பக்கத்தில் பூத்துப் போகும். சலிக்கும் அறையில் பறக்கும் தேயிலைப் பஞ்சு இன்னொரு தொல்லை. அங்கே லென்ஸைக் கழற்றவே வேண்டாம். 17-70-ஐ முன்கூட்டியே மாட்டிக்கொண்டு போனதன் பலன் இங்கேதான் தெரிந்தது.

ஃபில்டரும் ஃபோகஸும்

வெளியில் 1/50-இல் நிற்க, வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டர் இல்லாமல் முடியாது. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 100, 1/50-க்கு எஃப் 22 வரும், எஃப் 5.6-இல் எடுக்க 4 ஸ்டாப் குறைக்க வேண்டும். திருகித் திருகி மாற்றும் என்.டி. வைட் முனையில் வானத்தில் கறுப்புச் சிலுவை போடும். அதனால் நிலையான 3 ஸ்டாப் என்.டி. 8, 6 ஸ்டாப் என்.டி. 64 இரண்டும் 67 மி.மீ. அளவில் எடுத்து, 10-18-க்கு 62-லிருந்து 67-க்கு ஒரு ஸ்டெப்-அப் வளையம் போடப்பட்டது. டாம்ரானுக்கும் அதே ஃபில்டர் உதவும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஃபில்டர் மாட்டினால் 10-12 மி.மீ.யில் மூலை கறுக்கும். ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

மூடுபனியில் ஆட்டோஃபோகஸ் பிடிப்பில்லாமல் முன்னும் பின்னும் தேடும். 14 மி.மீ., எஃப் 4-இல் ஃபோகஸை 2.4 மீட்டரில் வைத்துவிட்டால் 1.2 மீட்டரிலிருந்து தூரத்து மலை வரை ஏற்கத்தக்க தெளிவு இருக்கும். பெரிய திரையில் போடப்போகும் பேட்டிக்கு இந்தக் கணக்கு போதாது. அங்கே கண்ணிலேயே ஃபோகஸ் நிற்கட்டும்.

வேறு கேமரா வைத்திருப்பவர்களுக்கு (ஐ.எஸ்., வி.ஆர்., ஓ.ஐ.எஸ். எல்லாம் நடுக்கத் தடுப்பின் பெயர்களே): கேனானில் ஆர்.எஃப்.-எஸ். 10-18 ஐ.எஸ். வெறும் 150 கிராம், ஆனால் எஃப் 4.5-6.3, அடுப்படிக்கு இருட்டு. நிக்கான் இசட் டி.எக்ஸ். 12-28 வி.ஆர். பவர் ஜூமோடு வருகிறது. ஃபுஜியில் 10-24 எஃப் 4 ஓ.ஐ.எஸ்., அதில் 2020-இல் வந்த பதிப்புக்கு ஈரக் காப்பு உண்டு. மலைக்கு இதுதான் பொருத்தம். முழு ஃப்ரேமில் கேனான் ஆர்.எஃப். 14-35 எஃப் 4 ஐ.எஸ். 540 கிராம், சோனி 16-35 எஃப் 4 ஓ.எஸ்.எஸ். 518 கிராம்.

கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரக் காப்பில்லாத 10-18-ஐ அந்த மாதங்களில் கொண்டுபோனால் மழை உறையோடுதான் வெளியே எடுக்க வேண்டும். தங்கும் அறையில் இரவு தோல் பைக்குள் வைக்காமல், மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, உள்ளே ஒரு சின்ன ஈரமானியும் போட்டு 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும். நீல ஜெல் வெளுத்து இளஞ்சிவப்பானால் வாணலியில் மெதுவான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். பிறகு அதில் சமைக்கக் கூடாது என்பதால் அதற்கென்று ஒரு பழைய வாணலியை ஒதுக்கிவிட வேண்டும். கீழே இறங்கியதும் லென்ஸின் பின்னால் டார்ச் அடித்து உட்கண்ணாடிகளைப் பார்த்து, சிலந்திவலை போன்ற பூஞ்சை இழை எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொண்ட பிறகே வாடகை லென்ஸ் திரும்பக் கொடுக்கப்பட்டது.